ஸ்டாண்டப் தினமும் நடக்கிறது, வேலை மட்டும் முடிவதில்லை: அஜைல் அடிப்படை பற்றி ஓர் இழை

கேள்வி, ஜனவரி 9

"எங்கள் மென்பொருள் டீமில் ஏழு பேர். எட்டு மாதமாக அஜைல் என்ற முறையில் வேலை என்கிறார்கள். தினமும் காலையில் ஸ்டாண்டப் என்ற டீம் சந்திப்பு, நாற்பது நிமிடம் ஓடும். இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட், அதாவது ஒரு சுற்று வேலை. பயனர்களுக்கு வெளியிடும் ரிலீஸ் மட்டும் பழையபடி மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். மீட்டிங் கூடியிருக்கிறதே தவிர எதுவும் வேகமாகவில்லை. என்னைக் கேட்டால் அஜைல் என்பது மீட்டிங்குக்கு வைத்த புதுப் பெயர். இல்லை என்பவர்கள் அடிப்படை என்னவென்று சொல்லுங்கள்."

ஜனவரி 9, இரவு

உங்கள் கேள்வியிலேயே நோய் எங்கே என்று தெரிகிறது. ஸ்பிரிண்ட் இரண்டு வாரம், ரிலீஸ் மூன்று மாதம். ஒரு ரிலீஸுக்குள் ஆறு ஸ்பிரிண்ட் ஓடி முடிகிறது. அந்த ஆறிலும் நீங்கள் செய்தது சரியா தப்பா என்று பயன்படுத்துகிறவர் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. திறக்க வழியும் இல்லை, அவர் கண்ணில் எதுவும் படவில்லையே.

நான் புரிந்துகொண்ட அடிப்படை ஒன்றுதான். ஒரு வேலையைச் செய்கிற நாளுக்கும், செய்தது சரியா என்று தெரியவருகிற நாளுக்கும் நடுவில் எத்தனை நாள் இருக்கிறது? அந்த இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வருவது. ஸ்பிரிண்ட், வேலைகளைக் கார்டுகளாக ஒட்டிவைக்கும் போர்டு, ஸ்டாண்டப் எல்லாம் அதற்காக வந்த ஏற்பாடுகள். இடைவெளி குறையவில்லை என்றால் ஏற்பாடுகள் மட்டும் மிஞ்சும். உங்கள் டீமில் மிஞ்சியிருப்பது அதுதான்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒரு பக்கம்கூட வராது. செயல்முறை, கருவிகளைவிட மனிதர்களும் அவர்கள் பேசிக்கொள்வதும். விரிவான ஆவணத்தைவிட ஓடுகிற மென்பொருள். ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வது. போட்ட திட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட மாற்றத்துக்கு இடம் கொடுப்பது. இந்த நான்கும், கூடவே 12 கோட்பாடுகளும். ஸ்டாண்டப், ஸ்பிரிண்ட், பாயிண்ட் என்ற சொற்கள் அதில் எங்கேயும் கிடையாது. முன்னேற்றத்தை அளக்க முதன்மையான அளவுகோல் ஓடுகிற மென்பொருள் என்று மட்டும் தெளிவாக இருக்கிறது.

ஆவணமே வேண்டாம், திட்டமே வேண்டாம் என்று அதில் சொல்லவில்லை. அவற்றுக்கும் மதிப்பு உண்டு, இவற்றுக்குக் கூடுதல் மதிப்பு என்கிறார்கள். இந்த ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தவர்களால் வந்த தொல்லை கொஞ்சநஞ்சமில்லை.

ஜனவரி 10

இதை நான் எங்கே கற்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சரக்குக் கிடங்கில்.

பெட்டிகளை எண்ணிப் பதிவு செய்ய ஒரு மொபைல் ஆப். ஐந்து பேர், நான்கு மாதம், பதினோரு திரை. தேவைகளைத் தொண்ணூறு பக்கத்துக்கு எழுதி, கையெழுத்து வாங்கி, அப்புறம்தான் கோட் எழுத உட்கார்ந்தோம். நான்காம் மாதக் கடைசியில் கிடங்குக்குக் கொண்டுபோனோம். முதலில் போனைக் கையில் வாங்கியவர் தடித்த கையுறை போட்டிருந்தார். எண்ணிக்கைக் கட்டத்தைத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை அழுத்தினார். பிறகு கையுறையின் விரல் நுனியைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றி, எண்ணைப் போட்டு, சேமித்து, மறுபடி கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த பெட்டியைத் தூக்கினார். மறுபடி பல்லால் இழுத்தார். மூன்றாவது பெட்டியில் போனை அலமாரியில் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துப் பெட்டி மேலேயே எண்ணை எழுதிவிட்டு நகர்ந்துபோனார். எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தொண்ணூறு பக்கத்தில் கையுறை என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. எழுதிக் கொடுத்தவர் நல்லவர், கவனமானவர், ஆனால் கிடங்கில் பெட்டி தூக்கியவர் இல்லை. அவரிடம் இன்னும் முப்பது பக்கம் எழுதி வாங்கியிருந்தாலும் கையுறை வந்திருக்காது. முதல் இரண்டு வாரத்திலேயே ஒரே ஒரு திரையை அந்த மனிதரின் கையில் கொடுத்திருந்தால் மூன்றாவது நிமிடத்தில் வந்திருக்கும்.

பிறகு, நிஜ பட்டன்கள் உள்ள கையடக்க ஸ்கேனரில் ஒரே திரையிலிருந்து திரும்பத் தொடங்கினோம். பதினோரு திரையில் கடைசிவரை பிழைத்தவை நான்கு.

ஜனவரி 10, மதியம்

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். ஒருவர் நியாயமாகக் கேட்டார்: "நாங்கள் மருத்துவக் கருவிக்கு மென்பொருள் எழுதுகிறோம். அனுமதி வாங்காமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளியிட முடியாது. அப்படியானால் எங்களுக்கு அஜைல் கிடையாதா?"

உண்டு. ரிலீஸ் செய்வது வேறு, காட்டுவது வேறு. நான் இரண்டையும் ஒன்றாக்கி எழுதிவிட்டேன். வெளியிட முடியாத இடத்திலும், ஓடுகிற ஒன்றை அதைப் பயன்படுத்தப்போகிற ஒருவர் முன்னால் வைத்து அவர் கை எங்கே தயங்குகிறது என்று பார்க்க முடியும். கையுறை அப்போதே தெரிந்துவிடும். ஆனால் இதைச் சாக்காக வைத்து, வெளியிட முடிகிறவர்களும் வெளியிடாமல் இருக்கக் கூடாது. காட்டும்போது மனிதர்கள் மரியாதைக்காக நன்றாக இருக்கிறது என்பார்கள். தினசரி வேலைக்கு வைத்துக்கொள்ளும்போதுதான் உண்மை வரும்.

ஜனவரி 12

ஸ்கிரம் என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டதால் சுருக்கமாக. ஸ்கிரம் அஜைல் முறைகளில் ஒன்று. அஜைல் அறிக்கைக்கு முன்பே வந்தது. கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் 1995இல் இதை ஒரு மாநாட்டில் முன்வைத்தார்கள். ரக்பி விளையாட்டிலிருந்து வந்த பெயர்.

மூன்று பொறுப்புகள். புராடக்ட் ஓனர்: எதை முதலில் செய்வது என்று முடிவு செய்பவர். டெவலப்பர்கள்: செய்து முடிப்பவர்கள்; டெஸ்டர், டிசைனர் எல்லாரும் இதில் அடக்கம். ஸ்கிரம் மாஸ்டர்: முறை சரியாக நடக்கவும், வழியில் கிடக்கும் தடைகள் விலகவும் பார்த்துக்கொள்பவர். டீம் பொதுவாகப் பத்துப் பேருக்குள். ஸ்பிரிண்ட் ஒரு மாதத்துக்குள். தொடக்கத்தில் திட்டமிடல், தினம் பதினைந்து நிமிடச் சந்திப்பு, முடிவில் செய்ததைக் காட்டும் ரிவியூ, அப்புறம் எப்படி வேலை செய்தோம் என்று டீம் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ. சட்டகம் இவ்வளவுதான்.

இதில் பலர் கோட்டைவிடுவது புராடக்ட் ஓனரிடம். அவர் ஒருவராக இருக்க வேண்டும், குழுவாக இருக்கக் கூடாது. அவருக்கு "இது இப்போது வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் நிஜமாகவே இருக்க வேண்டும். நான் வேலை செய்த ஓரிடத்தில் புராடக்ட் ஓனர் என்று ஒருவர் இருந்தார், ஆனால் எதைக் கேட்டாலும் "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்பார். மேலேயிருந்து பதில் வர நான்கு நாள். பத்து வேலை நாள் ஸ்பிரிண்டில் நான்கு நாள் போனால் என்ன மிஞ்சும்? இரண்டு பேர் அனுமானத்தில் கோட் எழுதினார்கள், ஒருவர் காத்திருந்தார், பதில் வந்தபோது அனுமானம் தப்பாக இருந்தது.

ஸ்டாண்டப்புக்கு வருவோம். உங்கள் நாற்பது நிமிடம் எப்படிப் போகிறது என்று பார்க்காமலே சொல்ல முடியும். ஒவ்வொருவரும் மேனேஜர் முகத்தைப் பார்த்து நேற்று செய்ததை ஒப்பிக்கிறார்கள். மற்ற ஆறு பேர் தங்கள் முறைக்காகக் காத்திருக்கிறார்கள். மூன்றே கேள்விகள்: நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எது தடுக்கிறது. இவற்றோடு நிறுத்துங்கள்.

ஜனவரி 12, இரவு

அந்த மூன்று கேள்விகள் பற்றி மாற்றிச் சொல்கிறேன். ஸ்கிரம் வழிகாட்டியின் 2020 பதிப்பில் அவற்றை எடுத்தேவிட்டார்கள். எடுத்தது சரிதான் என்று எனக்கும் படுகிறது. மூன்று கேள்வி வைத்தாலே ஒப்பித்தல் வந்துவிடுகிறது.

எங்களுக்கு உதவியது வேறு பழக்கம். ஆள் ஆளாகப் போகாமல் போர்டில் கார்டு கார்டாகப் போவது, அதுவும் வலது பக்கத்திலிருந்து. முடியப்போகும் கார்டுதான் முதலில். இதை முடிக்க இன்று என்ன வேண்டும்? பேச்சு உடனே மாறியது. முதல் நாளே ஒரு ஜூனியர் பையன் சீனியரைப் பார்த்து, "அண்ணா, அந்த மெர்ஜ் இன்னிக்கு மதியத்துக்குள்ள வேணும், இல்லன்னா நான் சும்மாதான் உக்காந்திருப்பேன்" என்றான். மெர்ஜ் என்றால் ஒருவர் எழுதிய கோட் டீமின் பொதுக் கோடோடு சேர்வது. "சரிப்பா, இது முடிஞ்சதும் உக்காரலாம்" என்றார் அவர். முன்பெல்லாம் அதே பையன் "நேற்று வேலை செய்தேன், இன்றும் தொடர்கிறேன், தடை எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவான். அவன் மேனேஜருக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது தடை இல்லை. டீமோடு பேசியபோதுதான் தடை வெளியே வந்தது.

ஜனவரி 15

"ஸ்டோரியை எப்படிப் பிரிப்பது?" இதுதான் நல்ல கேள்வி, இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

ஸ்டோரி என்றால் தேவையின் சுருக்கக் குறிப்பு. "இன்னாருக்கு, இன்னது வேண்டும், இன்ன காரணத்துக்காக." அஜைல் அறிக்கை எழுதியவர்களில் ஒருவரான ரான் ஜெஃப்ரிஸ் 2001இல் இதை மூன்றாகச் சொன்னார்: கார்டு, உரையாடல், உறுதிப்படுத்தல். கார்டு ஒரு நினைவூட்டல்தான், விஷயம் உரையாடலில் இருக்கிறது, முடிந்ததா என்பதைச் சோதித்து உறுதி செய்துகொள்கிறோம். பல டீம்களில் கார்டு மட்டும் இருக்கிறது. அதில் நாலு பக்கம் எழுதிவைத்து, உரையாடலை மிச்சப்படுத்துகிறார்கள்.

ஓர் உதாரணம். "கடை மேலாளருக்கு மாத விற்பனை அறிக்கை." எங்கள் டீம் முதலில் பிரித்தது இப்படி: முதல் ஸ்பிரிண்டில் டேட்டாபேஸ் டேபிள்கள், இரண்டாவதில் டேட்டாபேஸையும் திரையையும் இணைக்கும் ஏபிஐ, மூன்றாவதில் திரை. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் இரண்டு ஸ்பிரிண்ட் முடிவில் மேலாளருக்குக் காட்ட என்ன இருக்கிறது? டேபிளையா காட்டுவது? மூன்றாவது ஸ்பிரிண்டில் திரையைப் பார்த்ததும் அவர் கேட்டார்: "திரும்பி வந்த சரக்கைக் கழிக்கவில்லையா?" கழிக்கவில்லை. டேபிளிலேயே அதற்கு இடம் இல்லை. மூன்று அடுக்கையும் தொட வேண்டியதாயிற்று.

குறுக்கே வெட்டினால் அடுக்கு வரும், நெடுக்கே வெட்டினால் துண்டு வரும். நெடுக்கே வெட்டியிருந்தால் முதல் துண்டு: இந்த மாதத்தின் மொத்த விற்பனை, ஒரே எண், சாதாரணத் திரையில். வடிகட்டி இல்லை, எக்ஸெல் இல்லை, அழகும் இல்லை. ஆனால் டேபிள், ஏபிஐ, திரை மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், உயிரோடு ஓடும். அந்த ஒற்றை எண்ணைப் பார்த்ததுமே அவர் "இவ்வளவு விற்கவில்லையே" என்று சொல்லியிருப்பார். திரும்பி வந்த சரக்கு முதல் வாரத்திலேயே வெளியே வந்திருக்கும். இரண்டாவது துண்டு அதைக் கழிப்பது. மூன்றாவது, கிளைவாரியாகப் பிரிப்பது. நான்காவது, எக்ஸெலில் இறக்கிக்கொள்வது. நாங்கள் ஆசையாகச் செய்த வரைபடத்தை இதுவரை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை.

ஒரு துண்டு சிறியதா என்று பார்க்க நான் கேட்டுக்கொள்வது: இதை மட்டும் செய்துவிட்டு நிறுத்தினாலும் யாருக்காவது ஏதாவது உபயோகம் உண்டா? உண்டு என்றால் அது துண்டு. அடுத்ததும் சேர்ந்தால்தான் என்றால் அது அடுக்கு.

ஜனவரி 16

"முடிந்தது" என்றால் என்ன என்று உங்கள் டீமில் ஏழு பேரிடமும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஏழும் ஒன்றாக இருந்தால் இந்தக் குறிப்பை விட்டுவிடலாம்.

நாங்கள் எழுதிப் பார்த்தபோது ஒருவருக்கு, கோட் எழுதி தன் கம்ப்யூட்டரில் ஓடினால் முடிந்தது. இன்னொருவருக்கு, எழுதிய கோட் வேறொருவர் படித்துப் பார்த்து ரிவியூ ஆனால் முடிந்தது. டெஸ்டருக்கு, அவர் பார்த்து ஒப்புக்கொண்டால் முடிந்தது. புராடக்ட் ஓனர் பயனர் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். நான்கு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள், ஆனால் ஒரே சொல்லில் நான்கு வேறு விஷயங்களை. அன்று ஐந்து வரி எழுதிச் சுவரில் ஒட்டினோம்: ரிவியூ ஆனது, டெஸ்ட் எழுதியது, மெயின் கிளையில் மெர்ஜ் ஆனது, டெஸ்ட் சர்வரில் ஓடுவது, புராடக்ட் ஓனர் பார்த்தது. ஐந்தும் ஆகாத கார்டு ஸ்பிரிண்ட் கணக்கில் சுழியம். தொண்ணூறு சதவீதம் முடிந்தது என்ற பேச்சே கிடையாது. முதல் ஸ்பிரிண்டில் எங்கள் கணக்கு பாதியாக இறங்கியது. அதுவரை போட்டிருந்த எண்தான் தப்பு.

ஜனவரி 19

பாயிண்ட் பற்றிச் சண்டை வந்துவிட்டது, எதிர்பார்த்ததுதான்.

பாயிண்ட் என்பது வேலையின் ஒப்பீட்டு அளவு. இது அதைப்போல இரண்டு மடங்கா, மூன்று மடங்கா என்று சொல்வது. எண் எழுதிய கார்டுகளை வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே நேரத்தில் காட்டும் பிளானிங் போக்கரை 2002இல் ஜேம்ஸ் கிரென்னிங் எழுதினார். ஒரே நேரத்தில் காட்டச் சொல்வதற்குக் காரணம், சீனியர் முதலில் எண்ணைச் சொன்னால் மற்றவர்கள் அதையே சொல்லிவிடுவார்கள்.

அதில் விலைமதிப்புள்ளது எண் கிடையாது, எண்கள் பொருந்தாத இடம். "பயனர் தன் போன் நம்பரை மாற்றிக்கொள்ள வேண்டும்" என்ற கார்டுக்கு நாங்கள் நான்கு பேர் 2 காட்டினோம். டெஸ்டர் 13 காட்டினார். சிரிப்பு அடங்கிய பிறகு அவர் கேட்டார்: "ஓடிபி பழைய நம்பருக்குப் போகுமா, புதுசுக்கா? பழைய போன் தொலைந்துபோனவர் என்ன செய்வார்? அதே நம்பர் வேறு கணக்கில் இருந்தால்?" யாரிடமும் பதில் இல்லை. இருபது நிமிடம் பேசி அந்தக் கார்டை மூன்றாக்கினோம். அந்த இருபது நிமிடம்தான் பாயிண்ட் முறையின் பலன். அதற்குப் பிறகு எண்ணை அழித்துவிட்டாலும் நஷ்டமில்லை.

கெடுவது எங்கே என்றால், பாயிண்டை இலக்காக்கும்போது. நான் இருந்த ஓரிடத்தில் வெலாசிட்டி (ஒரு ஸ்பிரிண்டில் முடிக்கும் மொத்தப் பாயிண்ட்) 21 போதாது, உயர்த்துங்கள் என்றார்கள். இரண்டு மாதத்தில் 34 ஆனது. அதே ஆட்கள், அதே அளவு வேலை. முன்பு 3 என்றிருந்த கார்டுக்கு 5 என்று போட ஆரம்பித்திருந்தோம், யாரும் பேசிவைத்துச் செய்யவில்லை. பிறகு பக்கத்து டீமின் 40ஐக் காட்டி எங்களைக் கேட்டார்கள். அவர்கள் கிலோமீட்டரில் அளக்கிறார்கள், நாங்கள் மைலில் அளக்கிறோம், யார் வேகம் என்று எப்படிச் சொல்வது?

பாயிண்டைத் தான் கண்டுபிடித்திருக்கலாம் என்று சொல்லும் அதே ரான் ஜெஃப்ரிஸ், அது பயன்பட்ட விதத்தைப் பார்த்து வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். ஸ்கிரம் வழிகாட்டியிலும் ஸ்டோரி பாயிண்ட் என்ற சொல் இல்லை. அதில்லாமல் ஸ்கிரம் நடத்தலாம்.

ஜனவரி 20

"எல்லாம் சரி, தேதி கேட்கிற வாடிக்கையாளருக்கு என்ன சொல்வது? அஜைல், அதனால் தேதி தெரியாது என்றா?"

அப்படிச் சொல்லவே கூடாது. அவருக்குத் தேதி தேவை, அதன்மேல் அவருடைய மற்ற வேலைகள் நிற்கின்றன. சொல்ல வேண்டியதை ஒற்றைத் தேதியாகச் சொல்லாமல் வரம்பாகச் சொல்லுங்கள், அதுவும் நடந்த கணக்கிலிருந்து.

எங்கள் கணக்கு ஒன்று: கடந்த ஆறு ஸ்பிரிண்டில் முடித்த ஸ்டோரிகள் 5, 7, 4, 8, 6, 6. பாக்கி 48. மோசமான மூன்றின் சராசரி 5, அப்படிப் போனால் கிட்டத்தட்ட 10 ஸ்பிரிண்ட். நல்ல மூன்றின் சராசரி 7, அப்படிப் போனால் 7 ஸ்பிரிண்ட். ஆக 7க்கும் 10க்கும் நடுவில், அதாவது 14 முதல் 20 வாரம். ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடிவிலும் திரும்பப் போடுங்கள், வரம்பு குறுகிக்கொண்டே வரும். புதிதாக ஸ்டோரி சேர்ந்தால் பாக்கி எண் ஏறும், அதையும் அவர் கண்முன்னாலேயே ஏற்றுங்கள்.

தேதி மாறவே முடியாது என்றால் அளவு மாற வேண்டும். ஆறு ஸ்பிரிண்ட்தான் இருக்கிறது என்றால் மோசமான கணக்கில் 30 ஸ்டோரி உறுதி. எந்த 30 என்பதை அவரே வரிசைப்படுத்தட்டும். தேதியும் மாறாது, அளவும் மாறாது என்றால் தரத்தில் கை வைப்பார்கள், யாரும் சொல்லாமலே அது நடக்கும். ஆள் சேர்க்கலாமே என்பார்கள். தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதிவிட்டார். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவர்தான் எழுந்து போக வேண்டும்.

ஜனவரி 24

இரண்டு வார ஸ்பிரிண்ட் எல்லோருக்கும் பொருந்தும் என்பதுபோல எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பொருந்தாது. சப்போர்ட் டீமில் வேலை செய்கிற ஒருவர் எழுதியிருந்தார்: "திங்கட்கிழமை போட்ட திட்டம் செவ்வாய்க்கிழமை காலையில் பக் (மென்பொருள் பிழை) வந்ததும் போய்விடுகிறது." அவருக்குக் கான்பன்தான் சரி: ஸ்பிரிண்ட் இல்லாமல், கையிலிருக்கும் வேலைக்கு வரம்பு வைத்து ஓட்டுவது. டொயோட்டாவின் உற்பத்தி முறையில், அதன் பொறியாளர் தைச்சி ஓனோ காலத்தில் வளர்ந்த யோசனை. மென்பொருளுக்கு அதை 2000களில் டேவிட் ஆண்டர்சன் கொண்டுவந்தார்.

போர்டில் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வரம்பு. "டெஸ்டிங்" பத்தியில் 3 என்றால் நான்காவது கார்டு அங்கே போகக் கூடாது. எங்கள் போர்டில் வரம்பு இல்லாத காலத்தில் டெஸ்டிங்கில் ஒன்பது கார்டு நின்றது. டெஸ்டர் ஒருவர்தான். மற்றவர்கள் புதிது புதிதாக எடுத்துக்கொண்டே போனோம், எல்லோரும் சுறுசுறுப்பாக இருந்தோம், அவர் மட்டும் தினமும் கடைசியில் கிளம்பினார். வரம்பு வைத்த முதல் வாரம், கோட் முடித்த ஒருவருக்குக் கார்டை நகர்த்த இடமில்லை. "இப்போது நான் என்ன செய்வது?" என்று கேட்டார். டெஸ்டர் நாற்காலியைத் தள்ளி இடம் கொடுத்து, "இங்கே உட்காருங்கள், இந்த டெஸ்ட் கேஸ்களை நீங்கள் ஓட்டுங்கள்" என்றார்.

இதற்குப் பின்னால் எளிய கணக்கு இருக்கிறது. ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி: கையில் இருக்கும் வேலை எண்ணிக்கையை, வாரத்துக்கு முடிக்கிற எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலைக்கு ஆகும் சராசரிக் காலம் வரும். கையில் 18 கார்டு, வாரத்துக்கு 6 முடிகிறது என்றால் ஒரு கார்டுக்கு 3 வாரம். யாரும் வேகமாக வேலை செய்யாமலே, கையில் 9 மட்டும் வைத்துக்கொண்டால் ஒன்றரை வாரம். முதலில் நான் இதை நம்பவில்லை. ஆறு வாரம் அளந்து பார்த்த பிறகு நம்பினேன்.

ஜனவரி 25

ஒரு கட்டம் முழுதும் முடிந்த பிறகே அடுத்த கட்டம் என்று போகும் வாட்டர்ஃபால் முறையைக் கண்டுபிடித்தவர் வின்ஸ்டன் ராய்ஸ் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 1970இல் வந்த அவர் கட்டுரையில் அந்தப் படிப்படியான படம் இருக்கிறது, உண்மை. ஆனால் அப்படி ஒரே ஓட்டமாகச் செய்வது ஆபத்தானது, தோல்வியை வரவழைக்கும் என்று அவரே அங்கே சொல்லி, அதைச் சரிசெய்யும் வழிகளைத்தான் மீதிக் கட்டுரையில் எழுதினார். வாட்டர்ஃபால் என்ற பெயரும் அவர் வைத்ததில்லை. படத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வரியை விட்டுவிட்டார்கள்.

ஜனவரி 30

ரெட்ரோ. உங்கள் டீமில் இது நடக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நடக்காது என்றே நினைக்கிறேன், நேரமில்லை என்று முதலில் கைவிடப்படுவது இதுதான்.

எங்களிடம் நடந்தது, ஆனால் ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு முறையும் சீட்டில் "தகவல் தொடர்பு மேம்பட வேண்டும்" என்று ஆறு பேர் எழுதுவார்கள். மேனேஜர் எதிரில் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் அவரிடம் தனியாகப் போய், "சார், இந்த ஒரு தடவை நாங்களே பேசிக்கொள்கிறோம், முடிவை வந்து சொல்கிறேன்" என்றேன். ஒப்புக்கொண்டார், அதற்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்வேன். அன்று வந்த சீட்டுகளில் ஒன்று: "நான் எழுதிய கோட் ரிவியூ ஆக மூன்று நாள் ஆகிறது. கேட்கப் பயமாக இருக்கிறது."

எழுதியது யார் என்று கேட்கவில்லை. காலையில் முதல் அரை மணி ரிவியூ மட்டும், அது முடியாமல் யாரும் தன் கோட் எதையும் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். அந்த ஒன்று மட்டும்தான். இரண்டு வாரத்தில் காத்திருப்பு ஒரு நாளாகிவிட்டது. அதற்கு முன் பத்துப் பன்னிரண்டு தீர்மானம் போட்ட ரெட்ரோக்கள் உண்டு, அடுத்த ரெட்ரோவில் அவை யாருக்கும் நினைவிருக்காது.

பிப்ரவரி 2

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். இதுவரை எழுதியதெல்லாம் வேலையை ஒழுங்குபடுத்துவது பற்றி. கோட் பற்றி ஒரு வரி இல்லை. அது பெரிய குறை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும் என்றால், மாற்றியது பழையதை உடைக்கவில்லை என்று நிமிடங்களில் தெரிய வேண்டும். தானாக ஓடும் டெஸ்ட்கள் இல்லாத இடத்தில் அது முடியாது. ஒவ்வொரு ரிலீஸுக்கும் கையால் மூன்று வாரம் சோதிக்க வேண்டும் என்றால், எந்த மேனேஜரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் ரிலீஸ் என்று முடிவெடுப்பார், அவர்மேல் தப்பில்லை. கேள்வி கேட்டவரே, உங்கள் மூன்று மாதத்துக்குக் காரணம் இங்கேதான் இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். 1990களின் கடைசியில் கென்ட் பெக் எழுதிய எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் இதைத்தான் நடுவில் வைத்தது: முதலில் டெஸ்ட், அடிக்கடி மெர்ஜ், கோட் சீரமைப்பைத் தொடர்ந்து செய்வது, இரண்டு பேர் சேர்ந்து எழுதுவது.

எழுதிய கோட் எல்லாம் சேர்ந்து, சோதனை ஆகி, ஓடத் தயாராகும் பில்டு எங்களிடம் ஒரு காலத்தில் நாற்பது நிமிடம். பில்டு ஓடும்போது எல்லோரும் அடுத்த கார்டைத் திறந்துவிடுவோம், கையில் வேலை பெருகும். ஒரு ஸ்பிரிண்டில் புதிதாக எதையும் எடுக்காமல் அதை ஒன்பது நிமிடமாக்கினோம். அதற்குப் புராடக்ட் ஓனரின் சம்மதம் வாங்கியதுதான் கடினமான பகுதி. "ஒரு பக் திருத்தம் பயனரிடம் போய்ச் சேர இப்போது இரண்டு நாள், இனி அதே நாளில்" என்று சொன்னபோது ஒத்துக்கொண்டார். தொழில்நுட்பக் கடன் (அவசரத்தில் தள்ளிப்போட்ட கோட் சீரமைப்பு) என்றெல்லாம் முன்பு நான் விளக்கியபோது அவர் அசையவில்லை.

பிப்ரவரி 16

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். சந்தோஷமாக இருக்கிறது. ஸ்டாண்டப் இப்போது பன்னிரண்டு நிமிடம். "முடிந்தது" என்பதற்கு ஏழு பேரிடமிருந்து ஐந்து விளக்கம் வந்ததாம். ரிலீஸ் இன்னும் மூன்று மாதம்தான், ஆனால் போன வெள்ளிக்கிழமை ஒரே ஒரு திரையைப் பயனர் ஒருவரின் மேஜைக்குக் கொண்டுபோய், பேசாமல் பின்னால் நின்று பார்த்திருக்கிறார்கள். அவர் முதல் கட்டத்தை விட்டுவிட்டு நான்காவதை நிரப்பிவிட்டு மேலே வந்தாராம். மூன்று முறையும் அப்படியே. அவர் கையில் வரும் காகிதத்தில் அந்த வரிசைதான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மாற்றிக் காட்டிவிட்டார்கள்.

"மேனேஜரை ரிலீஸ் விஷயத்தில் எப்படிச் சம்மதிக்க வைப்பது?" என்று கேட்கிறார். அடுத்த முறை பயனர் மேஜைக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம், அவரும் பின்னால் நிற்கட்டும். இதற்கிடையில் கையால் சோதிக்கும் நாட்களில் எந்தப் பகுதி அதிக நாள் எடுக்கிறது என்று குறித்துவையுங்கள். முதல் டெஸ்ட்டை அங்கே எழுதலாம். அந்தப் பட்டியல் கையில் வந்ததும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.